டை வெட்டில் ‘டூலிங் காஸ்ட்’: தமிழில் என்ன போடலாம்?

வணக்கம். அட்டைப்பெட்டி, லேபிள், கேஸ்கட் வெட்டும் சிறுதொழில்களுக்கான விலைக்கணக்குக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். பொருளை வேண்டிய வடிவத்தில் வெட்டும் ‘டை’ முதலிய கருவிகளுக்கு ஆகும் ‘டூலிங் காஸ்ட்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘அச்சுச் செலவு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– கிண்டி

சரிவராதுங்க. பெட்டி பில்லில் பிரிண்டிங்குக்கு ஒரு வரி, டைக்கு ஒரு வரி. அச்சு என்றால் பிரிண்டிங் என்றுதான் படிப்பார்கள். பட்டறையில் ‘டை சார்ஜ்’ என்போம். தயவுசெய்து ‘டை காஸ்ட்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், உலோகத்தை உருக்கி ஊற்றுகிற வேலையும் (die cast) தமிழ் எழுத்தில் அதேதான். அப்புறம், எல்லா டையும் ஒரே விலை இல்லை. ஒட்டுப்பலகையில் லேசரால் கோடு வெட்டி, எஃகுப் பட்டையை வளைத்துச் சொருகி, இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டினால் அது மலிவு. லேபிளுக்கு உருளையிலேயே வெட்டுவாய் கடைந்தெடுக்கும் ரோட்டரி டை பல மடங்கு விலை, ஆனால் நெடுநாள் உழைக்கும், மழுங்கினால் தீட்டலாம். காந்த உருளையில் சுற்றும் மெல்லிய தகட்டு டை நடுவில் வரும். டைக்கு 6,000 ரூபாய் என்று வையுங்கள்: 1,000 பெட்டி என்றால் பெட்டிக்கு 6 ரூபாய், 20,000 என்றால் 30 காசு. இதைப் புரியவைக்கத்தானே கையேடு, பெயரில் என்ன இருக்கிறது?
– அம்பத்தூர்

பெயரில்தான் எல்லாம் இருக்கிறது, ஐயா. ட மொழிமுதல் ஆகாது. வடசொல்லையே ‘வடவெழுத்து ஒரீஇ’ (வடவெழுத்தை விலக்கி) வரச்சொன்ன தொல்காப்பியர் டையை வாசலிலேயே நிறுத்தியிருப்பார். அச்சு எவ்வளவு பழைய சொல்! 667ஆம் குறளில் அச்சாணி, அடுக்களையில் முறுக்கு அச்சு, கடையில் அச்சு வெல்லம், கல்வெட்டில் காசுக்கே அச்சு என்று பெயர். பிரிண்டிங்காரர்கள் நேற்று வந்தவர்கள், அவர்களுக்காக நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ‘வெட்டச்சுச் செலவு’ என்க.
– மயிலாப்பூர்

வகுப்பில் இதை உரக்கப் படித்தால் பையன்களுக்கு ‘வெட்டிச் செலவு’ என்றுதான் கேட்கும். தவிர, டூலிங் என்பது டை மட்டும் இல்லை, கழிவைத் தட்டியெடுக்கும் ஸ்ட்ரிப்பிங் சட்டம், உருவத்தை மேடாக எழுப்பும் எம்பாஸ் பிளாக் எல்லாம் சேர்த்திதான். ‘கருவிச் செலவு’ போதும்.
– தாம்பரம்

வெட்டிச் செலவு என்றுதான் வாடிக்கையாளரே சொல்கிறார், சார்! முதல் ஆர்டரில் டைக்குப் பணம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆர்டரில் விலையைக் குறை என்கிறார். டையை எங்கள் ரேக்கில்தான் வைத்திருக்கிறோம், அது யாருடையது என்று ஒரு வரி கையேட்டில் சேருங்கள்.
– அம்பத்தூர்

கருவி என்றால் சுத்தியலும் கருவிதான். செலவு இன்னும் மோசம், சங்க இலக்கியத்தில் செலவு என்றால் பயணம். தலைவன் பொருள் தேடப் போகாமல் தங்கிவிடுவதுதான் செலவழுங்குதல். ‘கருவிச் செலவு’ என்றால் கருவி பாலை நிலத்தைக் கடக்கிறது என்று பொருள் படாதா?
– மயிலாப்பூர்

படாது.
– தாம்பரம்

‘கருவிச் செலவு’ என்றே போடுகிறேன். டை வரும் இடத்தில் டைதான். யாருக்குச் சொந்தம் என்ற வரியும் சேர்த்தாயிற்று. அனைவருக்கும் நன்றி.
– கிண்டி

என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளவும். ‘செலவு’ பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
– மயிலாப்பூர்