மிருதங்கம் பதிவு: ரெண்டு மைக்கையும் சேர்த்தா தொப்பிச் சத்தம் காணாமப் போகுது

கேள்வி:
வணக்கம். மாடி ரூம்ல மிருதங்கம் பதிவு பண்றேன். பத்துக்குப் பத்து ரூம், டைல்ஸ் தரை. இருக்கிறது ரெண்டு சேனல் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) மட்டும். வலந்தலைப் (கூர்மையான சத்தம் தர்ற வலது முகம்) பக்கம் கண்டென்சர் மைக், தொப்பிப் (கனமான சத்தம் தர்ற இடது முகம்) பக்கம் ஷூர் எஸ்எம்57 மைக், ரெண்டும் தோல்லேருந்து ஒரு சாண் தள்ளி. தனித்தனியா கேட்டா நல்லா இருக்கு. சேர்த்துக் கேட்டா தொப்பியோட கனம் போயிடுது, கும்கி (தொப்பியில வர்ற குழைவான கீழ்ச்சத்தம்) கேக்கவே மாட்டேங்குது. ஈக்யூல (கீழ், மேல் சத்தத்தைத் தனித்தனியா ஏத்தி இறக்குறது) 100 ஹெர்ட்ஸ் பக்கம் 6 டெசிபல் ஏத்திப் பார்த்தேன், கொழகொழன்னு ஆச்சு, அவ்வளவுதான். வேற மைக் வாங்கணுமா?

பதில் 1:
எதுவும் வாங்காதீங்க தம்பி. ஏத்தின ஈக்யூவையும் எடுத்துடுங்க. தொப்பியில அடிச்சதும் அந்தத் தோல் உள்ள போகுது, உள்ள அடைபட்ட காத்து வலந்தலைத் தோலை வெளிய தள்ளுது. உங்க மைக் ரெண்டும் எதிரெதிர்ப் பக்கத்துல நிக்குது. ஒண்ணுல அலை ஏறுறப்ப இன்னொண்ணுல இறங்குது. கூட்டினா கீழ்ச்சத்தம் கழிஞ்சு போகுது. ஸ்னேர் டிரம்முக்கு மேலயும் கீழயும் மைக் வைக்கிறவங்க ஒண்ணோட அலையைத் தலைகீழாத் திருப்பிப் போடறதும் இதுக்காகத்தான்.

தொப்பி டிராக்ல வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட பொத்தான் இருக்கும். அதுதான் அலையைத் தலைகீழாக்குறது. அதை அழுத்தியும் அழுத்தாமலும் மோனோவுல (ரெண்டையும் ஒண்ணாக் கூட்டி) கேளுங்க. எதுல கனமா கேக்குதோ அதை வச்சுக்குங்க.

அதுக்கப்புறம் மைக் தூரம். ஒரே ஒரு 'தொம்' மட்டும் வாசிச்சு, ரெண்டு டிராக்கையும் பெரிசாக்கிப் பாருங்க. ஒலி ஒரு மீட்டர் போக கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் ஆகும். ரெண்டு மைக்குக்கும் ஒலி வர்ற தூரத்துல இருக்குற ஒரு சாண் வித்தியாசத்தால தொப்பிக்குப் பெரிய சேதமில்ல. ஆனா 750 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்து சாப்போட (வலந்தலையில வாசிக்கிற ஒரு அடி) நிறம் மாறிடும். இந்த இடத்துல பொறுமையா அரை அரை அங்குலமா நகர்த்திக் கேளுங்க. மணிக்கணக்கா ஈக்யூ திருகுறதைவிட இது மேல்.

பதில் 2:
ரூமையும் கவனிங்க. பத்தடி சுவருக்கு நடுவுல 56 ஹெர்ட்ஸ் போல ஒரு அலை தங்கி நிக்கும். மூலையிலயும் நட்டநடுவுலயும் உட்கார வேண்டாம். கீழ ஜமக்காளம், முதுகுப் பக்கம் மெத்தையை நிமிர்த்தி வைங்க. பலமான அடி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாம கெய்ன் (மைக் சத்தத்தை உள்ள வாங்குற அளவு) வச்சா போதும்.

கேட்டவர்:
பொத்தானை அழுத்தினதும் கும்கி திரும்பி வந்துடுச்சு! இத்தனை நாளா அது அங்கேயேதான் இருந்திருக்கு. பீரோக் கதவு அதிர்றதுகூட இப்பத்தான் கேக்குது, துணி மடிச்சுச் சொருகிட்டேன். ரொம்ப நன்றி அண்ணா. இன்னொரு சந்தேகம்: மூணாவது டேக்ல தொப்பி முதல் டேக் மாதிரி இல்லாம சுருதி லேசா ஏறிக் கேக்குதே?

பதில் 1:
ஃபேன் ஓடுதா? தொப்பி நடுவுல அப்பின ரவைப் பசை காஞ்சிருக்கும், அதான் ஏறிக் கேக்குது. ஃபேனை நிறுத்திட்டு, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி ரவையை ஈர விரலால தடவி, முதல் டேக்கோட 'தொம்'மைக் கேட்டு ஒத்துப் பாருங்க. ரொம்பக் காஞ்சிருந்தா சுரண்டிட்டுப் புதுசா அப்பிடுங்க.