ஆல்ப்ஸில் முதல் பனிச்சறுக்குப் பயணம்: எதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பது?

தேன்மொழி

வணக்கம். வரும் குளிர்காலத்தில் ஒரு வாரம் ஆல்ப்ஸ் மலைக்குச் சென்று பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், பதினொரு வயது மகள், ஆறு வயது மகன், அறுபத்தெட்டு வயது மாமியார் என ஐந்து பேர். எங்களில் ஒருவரும் இதுவரை சறுக்குப்பலகையைக் காலில் மாட்டியதில்லை. மாமியார் சறுக்கப் போவதில்லை, பனியைப் பார்த்தால் போதும் என்கிறார். பிரான்சின் த்ரீ வேலீஸ் பகுதியில் 600 கிலோமீட்டர் சறுக்குத்தடங்கள் உண்டு என்று படித்த நாள் முதல், போனால் அங்கேதான் போக வேண்டும் என்கிறார் கணவர். கற்றுக்குட்டிகளுக்கு அவ்வளவு பெரிய இடம் தேவைதானா? பிப்ரவரியில் போகலாமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மலைநாடன்

உங்கள் கணவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அந்த எண்ணிக்கையில் மயங்கியவன்தான். முதல் பயணத்தில் நால்வருக்கும் ஆறு நாளுக்கு முழுப் பகுதிக்கான லிஃப்ட் பாஸ் (சரிவின் மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்ட்டுகளுக்கான அனுமதிச்சீட்டு) வாங்கிவிட்டு, முதல் மூன்று நாளும் ஒரு தெருவின் நீளம்கூட இல்லாத சரிவிலேயே விழுந்து எழுந்துகொண்டிருந்தோம். தொடக்கத்தில் உங்களுக்கு வேண்டியவை இரண்டே: தங்குமிடத்திலிருந்து நடந்தே போகக்கூடிய, மேஜிக் கார்ப்பெட் என்னும் நகரும் பட்டை உள்ள மென்சரிவு ஒன்று, அதில் தேறிய பிறகு இறங்கிப் பார்க்க நீளமான, அகலமான எளிய தடம் ஒன்று. பல ஊர்களில் கற்போருக்கான சிறு லிஃப்ட்டுகள் இலவசம், அல்லது அவற்றுக்கு மட்டும் மலிவான பாஸ் கிடைக்கும். ஆகவே முழுப் பாஸை முன்கூட்டியே வாங்காமல், இரண்டாம் நாள் பயிற்சியாளரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தடங்களின் நிறமும் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் கூடிக்கொண்டே போகும். ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளில் பெரும்பாலும் நீலத்திலிருந்தே தொடங்குவார்கள். ஓர் ஊரின் நீலம் இன்னோர் ஊரின் சிவப்பைப் போலச் செங்குத்தாக இருப்பதும் உண்டு.

பிப்ரவரியில் பிரான்சின் பள்ளி விடுமுறை மூன்று மண்டலங்களாகப் பிரிந்து ஏறக்குறைய ஒரு மாதம் நீள்வதால், அப்போதுதான் கூட்டமும் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகான ஜனவரி வாரங்கள் குளிர் மிகுந்தவை, ஆனால் அமைதியானவை. பிள்ளைகளின் பள்ளி அனுமதித்தால் மார்ச் மாதத்தின் முதல் பாதியைத் தேர்ந்தெடுப்பேன். பகல் நீண்டிருக்கும், விழுந்து கிடக்கும்போது வெயிலாவது இதமாக இருக்கும்.

ஊர் என்று கேட்டால், ஜெனீவா விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணத்தில் உள்ள லே ஜே என்னும் பிரெஞ்சுக் கிராமத்தைச் சொல்வேன்.

பனித்துளி

லே ஜே அழகான ஊர்தான், ஆனால் அது ஏறத்தாழ 1,170 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பனி குறைந்த ஆண்டில் ஊரை ஒட்டிய சரிவுகள் மார்ச்சில் சேறாகிவிடும். மார்ச்தான் என்றால் ஆஸ்திரியாவின் ஓபர்குர்கல் போன்ற, 1,900 மீட்டருக்கு மேல் உள்ள ஊரைப் பாருங்கள்.

சகோதரி, ஊரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பூட்ஸ். முதல் நாள் பத்து மணிக்கு என் மகன் சரிவின் நடுவே உட்கார்ந்து அழத் தொடங்கினான். பயந்துவிட்டான் என்று நினைத்து அரை மணி நேரம் சமாதானம் செய்த பிறகுதான் பூட்ஸைக் கழற்றிப் பார்த்தேன். குளிருமே என்று நானே அணிவித்த இரண்டாவது காலுறை கணுக்காலுக்குக் கீழே சுருண்டு, தோலில் ஆழமாகச் சிவந்த கோடு போட்டிருந்தது. முழங்கால் வரை வரும் மெல்லிய காலுறை ஒன்றே ஒன்று போதும். உள்ளே அணியும் நீள்காற்சட்டையின் விளிம்பும் பூட்ஸுக்குள் போகக் கூடாது. நேராக நின்றால் விரல் நுனி முன்புறத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை முன்னே மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் மட்டும் எழும்பவே கூடாது. வாடகைக் கடையில் கூச்சப்படாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கடைக்காரர் எடை, உயரம், வயது எல்லாம் கேட்பார். விழும்போது பலகை காலை விட்டுக் கழன்றுகொள்ளும் பைண்டிங்கின் இறுக்கத்தை அவற்றை வைத்தே அமைக்கிறார்கள் என்பதால், நாம் வழக்கமாகச் சொல்லும் இரண்டு மூன்று கிலோ பொய்யை அங்கே மட்டும் சொல்லாதீர்கள்.

பிள்ளைகளுக்கு நீங்களே கற்றுத்தரலாம் என்றும் எண்ண வேண்டாம். ஐந்து நாளும் காலை வகுப்பில் சேர்த்துவிடுங்கள். எந்த மொழியில் நடத்துவார்கள் என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேன்மொழி

இருவருக்கும் நன்றி. இரண்டாவது காலுறையை நானும் பெட்டியில் எடுத்து வைத்திருப்பேன். ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு போதுமா? மாமியாருக்கு ஏற்ற ஊர் ஏதேனும் உண்டா?

குமரவேல்

அம்மா, தொகையை மட்டும் பார்க்காமல் விதிவிலக்குகளைப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் பனி விளையாட்டு விபத்துகள் அடங்காது. தனியாகக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். தடத்தில் விழுந்தவரை ஸ்லெட்ஜிலோ ஹெலிகாப்டரிலோ இறக்கிவரும் செலவும் அதில் உள்ளதா என்று பாருங்கள். பிரான்சில் லிஃப்ட் பாஸுடன் சேர்த்தே நாள்கணக்கில் வாங்கக்கூடிய கார்ரே நேஜ் என்ற காப்பீடு உண்டு. இத்தாலிக்குப் போவதானால், பிறருக்கு நாம் விளைவிக்கும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு 2022 ஜனவரி முதல் சட்டப்படி கட்டாயம்.

மாமியாருக்காக என்றால் என் வாக்கு சுவிட்சர்லாந்தின் வெங்கனுக்கு. லௌட்டர்புருன்னனிலிருந்து ரயிலில்தான் ஏற வேண்டும், ஊரில் கார் போக்குவரத்து இல்லை. கற்போருக்கான சரிவு ஊரின் நடுவிலேயே இருப்பதால், பேரன் விழுவதை அவர் உட்கார்ந்தே பார்க்கலாம். கிளைன ஷைடெக் வரை ரயில் போகிறது. சறுக்காதவர்களும் அங்கே போய் ஐகர் சிகரத்தின் வடமுகத்தை அருகில் பார்த்துவிட்டு அதே ரயிலில் திரும்பலாம். செலவு மட்டும் ஆஸ்திரியாவைவிடக் கூடுதலாக இருக்கும். அவருக்கும் கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் வேண்டும், ஏனெனில் புதுப் பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும்.

இன்னொன்று: மாலை நான்கு மணிக்கு ஊருக்கு இறங்கும் தடம், காலையில் எளிதாக இருந்திருந்தாலும், பகல் முழுவதும் பலர் சறுக்கிச் சறுக்கி ஓரிடத்தில் பனிக்கட்டியாகவும் ஓரிடத்தில் குவியலாகவும் மாறியிருக்கும், நமக்கோ கால்கள் சோர்ந்திருக்கும். என் மனைவி மணிக்கட்டை முறித்துக்கொண்டது அந்தக் கடைசி இறக்கத்தில்தான். கீழே வரவும் கேபிள் காரிலோ ரயிலிலோ ஏறலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள்.