சங்காயத்தைக் கணக்கின் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

மண்டபம் மாணவி:
வணக்கம். மண்டபம், இராமேஸ்வரம் விசைப்படகுகளின் சுற்றுச்சூழல் செயல்திறனை டி.இ.ஏ. முறையில், அதாவது ஒவ்வொரு படகையும் மிகச் சிறப்பாகச் செயல்படும் படகுகளோடு ஒப்பிட்டு மதிப்பிடும் முறையில், அளக்க முயல்கிறேன். டீசலும் ஆள்நாளும் உள்ளீடுகள். இறால், நண்டு, கணவாய், மீன் ஆகியவை விளைபொருள்கள். இழுவலையின் மடியைப் படகின் தளத்தில் அவிழ்த்துக் கொட்டியதும் இறாலைப் பொறுக்கியெடுத்துவிட்டு, விரல் நீளங்கூட வளராத குஞ்சுகள் மண்டிய சங்காயத்தை, அதாவது கழிவாகக் கருதப்படும் சிறுமீன் குவியலை, ஒதுக்கித் தள்ளுகிறார்கள். வேண்டாத விளைவை உள்ளீடாகவே எழுதிவிடலாம் என்கிறார் நண்பர் ஒருவர். சங்காயமோ கோழித்தீவனத்துக்கு விலைபோகிறது. என்ன செய்வது?

அளவையியல் ஆசிரியர்:
உள்ளீடாக எழுத வேண்டாம். அப்படி எழுதினால், அதே டீசலுக்கு எல்லையில்லாத அளவு சங்காயம் வரக்கூடும் என்று நம் கணித மாதிரி ஏற்றுக்கொண்டதாகிவிடும். வேண்டாததைக் குறைக்க வேண்டுமானால் நல்ல மீனிலும் ஓரளவு இழக்க நேரும் என்னும் வலுக்குறைந்த கழிப்பு நிபந்தனையுடன் தொடங்குங்கள். அது பொருளியல் ஆய்வாளர் ஷெப்பர்டு 1970-இல் தந்தது. சங், ஃபேர், கிராஸ்காஃப் 1997-இல் முன்வைத்த திசைத் தொலைவுச் சார்பு, நல்லதைக் கூட்டியும் கெட்டதைக் குறைத்தும் ஒரே எண்ணால் அளக்கிறது.

ஆனால் திசையை, அதாவது எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதை, தேர்வதில் மிகுந்த கவனம் வேண்டும். கணக்குக்காக இரண்டு படகுகளை வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் டீசல் 300 லிட்டர், நல்ல மீன் 200 கிலோ. குஞ்சு மட்டும் முதற்படகில் 150 கிலோ, மற்றதில் 90. நல்லது, கெட்டது இரண்டையும் திசையில் சேர்த்தால், அதே டீசலுக்கு நல்ல மீனை மேலும் கூட்ட வழியில்லாததால் முதற்படகின் குறைபாடு சுழியமாகி, அது பழுதில்லாத படகாகத் தெரியும். கெட்டதை மட்டும் திசையாக்கினால் 60/150, அதாவது 40 விழுக்காடு குறைக்கலாம் என்பது தெரியவரும். அந்த 60 கிலோவை மறைக்கும் அளவீட்டை நான் ஏற்கமாட்டேன்.

பாம்பன் வாசகர்:
விலை இருப்பதாலேயே ஒன்று நல்ல விளைபொருளாகிவிடாது. சங்காயத்தில் வளர்ந்தாலும் சிறிதாகவே இருக்கும் இனங்களும் உண்டு, நாளை பெரிய மீனாக வேண்டிய குஞ்சுகளும் உண்டு. ஒவ்வொரு படகிலும் ஒரு கூடையை எடுத்து, இனம் பிரித்து, நீளம் அளந்து, குஞ்சின் பங்கை மட்டும் கெட்டதாக எழுதுங்கள். எஞ்சியதை நல்ல பக்கத்தில் தனி வரிசையாக வைக்கலாம். கடலிலேயே வாரிக் கொட்டியது கரைக் கணக்கில் வராது என்பதால், படகிலேயே சென்று எடைபோடுவது அவசியம். டீசல் புகையைத் தனியாகச் சேர்க்க வேண்டாம்: லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு என்பதால், அது டீசல் வரிசையையே திரும்ப எழுதுவதாகும்.

மண்டபம் மாணவி:
மிக்க நன்றி. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே கூடைகளை எடைபோட்டுவிடுகிறேன்.