குன்னூர்ல மலிவு சூப்பர் மார்க்கெட்: உப்பின பாக்கெட், வேகாத பருப்பு, பேர் சொல்லாத எண்ணெய்

பெட்போர்டு (குன்னூர்ல ஒரு பகுதி) வாசி கேட்டது:

வணக்கம். விலை குறைச்சுத் தர்ற சூப்பர் மார்க்கெட்லதான் இப்போ மாச மளிகை. சரக்கெல்லாம் மேட்டுப்பாளையத்துலேர்ந்து லாரியில ஏறி வருது. மூணு சந்தேகம். தயிர் கப், பன்னீர், சிப்ஸ் எல்லாமே உப்பி நிக்குது. கெட்டுப்போனதா, மலைக்கு வந்ததாலயா? அவங்க சொந்த பிராண்டு துவரம்பருப்பு நாலு விசிலுக்கும் மசிய மாட்டேங்குது. அப்புறம் ‘சமையல் எண்ணெய்’னு மட்டும் பெருசா போட்ட மலிவு பாக்கெட்டை நம்பலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சரக்குக் கணக்கு சொன்னது:

உப்பலை முதல்ல பார்ப்போம், ஏன்னா இதுலதான் நல்லதைத் தூக்கிப் போட்டுட்டு கெட்டதை வாங்கிட்டு வர்றோம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துலேர்ந்து 300 மீட்டர் சொச்சம். குன்னூர் 1,850, ஊட்டி 2,240. மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையுது, உள்ளே அடைச்ச காத்து விரியுது. குளிர் அதைக் கொஞ்சம் சுருக்கினாலும், கீழே அடைச்ச பாக்கெட்டுக்குள்ள இருக்கிற காத்து இங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். அதனால முதல் கேள்வி ஒண்ணுதான்: பாக்கெட்டுக்குள்ள காத்து இருக்கணுமா, இருக்கக் கூடாதா?

சிப்ஸ், மிக்சர்ல காத்து அடைச்சுத்தான் விடுறாங்க. அது பலூன் மாதிரி இருந்தா சரி. இங்கே வந்தும் தட்டையாக் கிடந்தாத்தான் சந்தேகப்படணும். கொண்டை ஊசி வளைவு ஏறும்போதே ஒட்டு விட்டு காத்து போயிருக்கும். பனி ஈரம் உள்ளே புகுந்து நமுத்துப் போகும், எண்ணெய் சிக்கு வாடை வரும்.

பன்னீர் வேற. காத்தை முழுசா உறிஞ்சி ஒட்டின பாக்கெட்டுல விரியறதுக்கே காத்து கிடையாது. அது உப்பியிருந்தா உள்ளே கிருமி வளர்ந்து வாயு விட்டிருக்குன்னு அர்த்தம். தேதி பாக்கி இருந்தாலும் எடுக்காதீங்க. பால் பாக்கெட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். உள்ளே காத்து கொஞ்சம்தான், பந்து மாதிரி விறைப்பா இருந்தா விட்டுடுங்க.

தயிர் கப்தான் குழப்பம். தயிருக்கும் மூடிக்கும் நடுவுல காத்து இருக்கு, அதனால கீழேர்ந்து வந்த கப்புல மூடி லேசா மேடாகத்தான் செய்யும். ஒரே தேதி, ஒரே பேட்ச் கப் அஞ்சாறு வரிசையாப் பாருங்க. எல்லாமே ஒரே அளவு மேடுன்னா மலைதான் காரணம். ஒண்ணு மட்டும் குடையாட்டம் நின்னா அதைத் தொடாதீங்க. உள்ளூர்ல அடைச்ச தயிர்னா மேடு வரவே கூடாது. எங்க அடைச்சதுன்னு லேபிள்ல விலாசம் இருக்கும்.

டின் டப்பாவுக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். மூடி புடைச்ச டப்பா எந்தக் காரணத்தால புடைச்சிருந்தாலும் விட்டுடுங்க. அதுல உண்டாகக்கூடிய நச்சுக்கு வாடையே இல்லாமல் போகலாம். ருசி பார்த்துச் சோதிக்கிற விஷயம் இல்லை.

வெலிங்டன் அடுப்படி சொன்னது:

பருப்புக்கு வர்றேன். பாதி குத்தம் பருப்பு மேல, பாதி உயரத்து மேல. தண்ணி ஊட்டியில 92–93 டிகிரியிலயே கொதிச்சிடும், குன்னூர்ல 94 பக்கம். குக்கர்ல வெயிட் அதே வெயிட்தான், ஆனா வெளி அழுத்தம் குறைவா இருக்கிறதால கீழே 121 டிகிரி வரைக்கும் போற குக்கர் ஊட்டியில 117 கிட்ட நின்னுடும். அதனால விசிலை எண்ணாதீங்க. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சு நேரத்தைப் பாருங்க. கீழே 15 நிமிஷம்னா குன்னூர்ல 18, ஊட்டியில 19. புளியும் தக்காளியும் பருப்பு மசிஞ்ச பிறகுதான். புளிப்பு சேர்ந்தா பருப்பு மசிய நேரமாகும்.

இவ்வளவுக்கும் மசியலைன்னா பழைய சரக்கு. ஒரு கைப்பிடி பருப்பைச் சுடுதண்ணியில அரை மணி ஊறவிட்டு நகத்தால பிளந்து பாருங்க. நடுவுல வெள்ளையா கடினமா இருந்தா அது நாளான பருப்பு. கொண்டைக்கடலைக்கு ராத்திரி 100 கிராம் ஊறப் போட்டுக் காலையில எடை போட்டா போதும். இரட்டிப்பு எடைக்குப் பக்கத்துல வந்தா நல்லது. 160-ஐத் தாண்டலைன்னா அந்த பிராண்டை அந்த மாசம் விட்டுடுங்க.

சலுகை போட்டு அடுக்கி வச்ச பருப்புல பேக் பண்ண தேதியைப் பாருங்க. அது பாக்கெட்ல போட்ட தேதி, விளைஞ்ச தேதி இல்ல. அதனால தேதி புதுசா இருந்தும் பருப்பு பழசா இருக்கலாம், ஊறவச்சுப் பார்க்கிறதுதான் நிச்சயம். மழை மாசத்துல இன்னொண்ணு: பாக்கெட்டைக் குலுக்கினா பருப்பு தனித்தனியா ஓடணும். கட்டி கட்டியா ஒட்டி விழுந்தா ஈரம் ஏறினது, பூஞ்சை பின்னாலயே வரும்.

செக்கடி சொன்னது:

எண்ணெயில முன்பக்கப் பேரைப் படிக்காதீங்க, பின்பக்கப் பொடி எழுத்தைப் படிங்க. எந்தெந்த எண்ணெய் எத்தனை சதவீதம்னு போட்டிருந்தா அது முறையான கலப்பு எண்ணெய், குத்தமில்ல. 14 இலக்க உணவு உரிம எண் கட்டாயம் இருக்கணும், அக்மார்க் முத்திரையும் இருக்கான்னு பாருங்க. பாமாயில் விலை தெரிஞ்சு பாமாயிலாவே வாங்கினா அதுலயும் ஏமாத்தம் கிடையாது. சூரியகாந்தின்னு பேர் சொல்லி பாமாயில் கொடுக்கிறதுதான் ஏமாத்தம்.

அதைக் கண்டுபிடிக்க நம்ம குளிரே உதவும். மார்கழி, தை காலையில சமையலறை 10 டிகிரிக்குக் கீழே போகும்போது கண்ணாடி டம்ளர்ல ஊத்தி வச்சா பாமோலின் (கடையில விக்கிற பாமாயில்) வெள்ளையாக் கலங்கி அடியில படியும். ரீஃபைண்டு சூரியகாந்தி தெளிவாவே நிக்கும். கடலை எண்ணெய் இதைவிடக் குளிர்ந்தாத்தான் கலங்கும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையறது இயல்பு. 15 டிகிரியிலயும் ஓடுச்சுன்னா வேற எண்ணெய் சேர்ந்திருக்கு. உறைஞ்சதாலேயே சுத்தம்னும் சொல்ல முடியாது, பனங்கொட்டை எண்ணெயும் அப்படித்தான் உறையும்.

பெட்போர்டு வாசி:

ரொம்ப நன்றி. காய்கறியும் ஃப்ரீசர் சாமானும் அங்கேயே வாங்கலாமா? தப்பான பொருள் கிடைச்சா யார்கிட்ட போறது?

சரக்குக் கணக்கு:

காய்கறி அங்க வேண்டாங்க. நம்ம கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, கிடங்குல தங்கி, திரும்ப மலையேறி வந்தும் தட்டுல உட்காரலாம். மெஷின்ல கழுவினதும் மேல்தோல் உரசிப் போயிடும், பிளாஸ்டிக் கவர்ல வேர்த்துச் சீக்கிரம் வழவழக்கும். உழவர் சந்தையில மண்ணோட இருக்கிற கேரட்டே மேல். சூப்பர் மார்க்கெட்ல எடுத்தே ஆகணும்னா காம்புப் பக்கம் கறுத்திருக்கான்னு பாருங்க.

ஃப்ரீசர்ல பட்டாணி பாக்கெட்டை அமுக்கினா மணி மணியா நழுவணும். ஒரே கல்லா இருந்தா கரண்ட் போனப்போ உருகித் திரும்ப உறைஞ்சது. காத்தும் மழையுமா இருக்கிற வாரத்துல ஃப்ரீசர் பக்கமே போகாதீங்க.

புகாருக்கு: பில், பேட்ச் எண், தேதி மூணும் தெரியற மாதிரி போட்டோ எடுத்துக்கோங்க. மீதியைப் பாக்கெட்டோட ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கிட்டு ஊட்டியில மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுதுங்க. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-வது பிரிவுப்படி வாங்கினவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கப் போறீங்கன்னு கடைக்காரர்கிட்ட வாங்கும்போதே சொல்லிடணும், அது சட்டத்துலயே இருக்கு. அதுக்காக, சந்தேகப்பட்ட அதே பேட்ச்ல பிரிக்காத பாக்கெட் ஒண்ணு புதுசா வாங்கிக் கொடுங்க, பிரிச்சது எடுபடாது.