மயக்க மருந்து இல்லாமல் 6 வாரக் குழந்தைக்கு மூளை எம்ஆர்ஐ: பால் கொடுத்துத் தூங்கவைத்து எடுப்பது எப்படி?

கேள்வி: ஸ்கேன்ரூம்_ஈரோடு

1.5 டெஸ்லா மெஷின். நிறைமாதத்தில் பிறந்த 6 வாரக் குழந்தை, வலிப்புக்காக பிரெயின் எம்ஆர்ஐ கேட்டிருக்காங்க. மயக்க டாக்டர் வாரத்துல ரெண்டு நாள்தான் வருவார். பால் கொடுத்து, துணியில சுத்தி, தூக்கத்துலயே எடுத்துடலாம்னு பாக்கறோம். ஆனா இந்த மாதிரி கேஸ்ல லோக்கலைசர் (இடம் குறிக்க முதல்ல எடுக்கற படம்) முடியறதுக்குள்ள குழந்தை முழிச்சுக்குது. நேரக் கணக்கு, சுத்தற முறை, சீக்வென்ஸ் (படவகை) வரிசை மூணையும் தெளிவா சொல்லுங்க. நடுவுல முழிச்சா ட்ரைக்ளோஃபாஸ் (தூக்க மருந்து) சிரப் கொடுத்துத் தொடரலாமா?

பதில் 1: காயில்_அக்கா

லோக்கலைசரிலேயே முழிக்குதுன்னா, தூக்கம் ஆழமாகறதுக்கு முன்னாடியே டேபிளை உள்ளே தள்ளறீங்க. தூங்கின பிறகு டயப்பர் மாத்தறது, காதுல அடைக்கறது எல்லாமே கெடுக்கும். தொந்தரவு எதுவா இருந்தாலும் பாலுக்கு முன்னாடியே முடிச்சிடணும்.

10 மணி ஸ்லாட்னா வீட்ல கொடுக்கற கடைசிப் பால் ஆறரைக்கு. ஆஸ்பத்திரிக்கு வர்ற வழியில தூங்கவிட வேண்டாம்னு அம்மாகிட்ட முந்தின நாளே சொல்லிடுங்க. 9 மணிக்கு வந்ததும் உலோக பட்டன் இல்லாத பருத்திச் சட்டை, புது டயப்பர். அரைஞாண், தாயத்து, காப்பு, கொலுசு எல்லாம் கழட்டணும். வெள்ளியைக் காந்தம் இழுக்காதுன்னு வீட்ல வாதாடுவாங்க. இழுக்காதுதான், ஆனா மூடின வளையம் ஆர்எஃப்ல (மெஷினோட ரேடியோ அலையில) சூடாகும். கண்ணுல மை இருந்தா துடைச்சிடுங்க. கடை மையில இரும்பு ஆக்சைடு இருக்கலாம், கண் பக்கம் படம் கெடும்.

காதுக்குப் பெரியவங்க ஃபோம் ப்ளக் சேராது. மெழுகு மாதிரி மெத்துனு இருக்கற இயர் புட்டியால (காதடைப்புப் பசை) காதை மூடி, மேல பச்சிளங்குழந்தை இயர் மஃப் ஒட்டுங்க. மஃப் தனியா 7 டெசிபல் அளவுதான் குறைக்கும், டிஃப்யூஷன் (மூளையில நீர் அசைவைக் காட்டற படவகை) சத்தமோ 100-ஐத் தாண்டும். எம்ஆர்ஐ ரூமுக்கான சாச்சுரேஷன் ப்ரோப் (ரத்த ஆக்சிஜன் அளக்கறது) மட்டும் காலில் மாட்டுங்க. வார்டு ப்ரோப்போட ஒயர் தோலைச் சுட்டுடும்.

அப்புறம் சுத்தறது. ரெண்டு வெதுவெதுப்பான பருத்தித் துணி, கைகள் பக்கவாட்டில். தொடைக்கு நடுவுல ஒரு மடிப்புத் துணி வைங்க. தோலோட தோல் தொட்டா அதுவும் ஒரு வளையம்தான். நெஞ்சுல இறுக்காதீங்க. ஒன்பதரைக்கு, சுத்தின நிலையிலேயே, பக்கத்து ரூம்ல விளக்கைக் குறைச்சு அம்மா பால் கொடுக்கட்டும். ஏப்பம் வந்ததும் தோள்லயே வச்சிருக்கட்டும். சப்பற வாய் நிக்கணும், தூக்கினா தலை தொய்ஞ்சு கிடக்கணும். அதுவரைக்கும் டேபிள் பக்கமே போகாதீங்க, 20 நிமிஷம் ஆனாலும் பரவாயில்ல. வாக்யூம் பேக் (காத்தை எடுத்தா இறுகற மெத்தை) இருந்தா அதுல படுக்கவச்சு காத்தை உறிஞ்சுங்க. இல்லன்னா தலைக்கு ரெண்டு பக்கமும் ஃபோம்.

முதல் சத்தத்துல நெளிஞ்சா டேபிளை வெளியே இழுக்காதீங்க. ரெண்டு நிமிஷம் சும்மா விட்டா பெரும்பாலும் திரும்பத் தூங்கிடும். கன்சோல்ல எடையைச் சரியா போடுங்க, எஸ்ஏஆர் (உடம்பு வாங்கற ரேடியோ சக்தி) கணக்கு அதை வச்சுத்தான்.

பதில் 2: மயக்கவியல்_மதுரை

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில்: கூடாது. இப்போதுதான் வயிறு நிறையப் பால் குடித்த குழந்தை அது. அதற்குத் தூக்க மருந்து கொடுத்தால் கக்கும் பால் நுரையீரலுக்குள் போகும். தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம், பவுடர் பால் என்றால் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆகவே இந்த முயற்சியை மயக்க மருத்துவர் வரும் நாளில், காலை முதல் ஸ்லாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தோற்றால் மதியம் பட்டினிக் கணக்கோடு முறையாக மயக்கம் கொடுத்து எடுக்கலாம்.

ட்ரைக்ளோஃபாஸ் வெறும் சிரப்தானே என்று பல சென்டர்களில் பெற்றோர் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆபத்தான பழக்கம். சிறு குழந்தை உடலில் அது மெதுவாகத்தான் கழியும்; வீட்டுக்குப் போகும் வழியில் தலை மார்பில் கவிழ்ந்து மூச்சு அடைபடலாம். சக்ஷன், ஆக்சிஜன், குழந்தை அளவு பேக்-மாஸ்க், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர்: இவை இல்லாத இடத்தில் எந்தத் தூக்க மருந்தும் வேண்டாம். குறைமாதக் குழந்தை என்றால் கருக்காலத்தோடு சேர்த்து 60 வாரம் ஆகும்வரை மயக்கத்துக்குப் பின் மூச்சு நிற்கும் அபாயம் உண்டு. இரவு கண்காணிப்பு தேவைப்படலாம்.

பதில் 3: நியூரோ_ரேடியோ

வரிசை: ஆக்சியல் (குறுக்கு வெட்டு) டி2, டிஃப்யூஷன், டி1, பிறகு கரோனல் (முகத்துக்கு இணையான வெட்டு) டி2, கடைசியில் எஸ்டபிள்யூஐ (ரத்தக் கசிவைக் காட்டுவது). டி1, டி2 இரண்டும் அடிப்படைப் படவகைகள். எப்போது முழித்தாலும் கையில் உருப்படியாக ஏதாவது இருக்க வேண்டும் என்பதே கணக்கு. இந்த வயதில் ஃப்ளேர் (மூளை நீரின் வெளிச்சத்தை மறைக்கும் படவகை) வேண்டாம். மயலின் (நரம்பிழை மேலுறை) வராத மூளையில் அது அதிகம் சொல்லாது, நிமிடங்கள்தான் வீண். டி2-வில் பெரியவர்கள் புரோட்டோகாலை அப்படியே ஓட்டினால் சாம்பலும் வெள்ளையும் பிரியாது. பச்சிளம் மூளையில் நீர் அதிகம், டிஆர் (துடிப்புகளின் இடைவெளி), டிஇ (எதிரொலி நேரம்) இரண்டையும் கூட்டுங்கள். டிஇ 120 மில்லி செகண்டுக்கு மேல். ஸ்லைஸ் 3 மி.மீ. தலை சிறியது என்பதால் பெரிய ஹெட் காயிலில் (தலையைச் சுற்றி சிக்னல் வாங்கும் கூடு) சிக்னல் குறைந்தால் முழங்கால் காயிலில் வைத்துப் பாருங்கள்.

ஸ்கேன்ரூம்_ஈரோடு

நன்றி சார், மேடம். குழந்தை லேசா அசைஞ்சுகிட்டே இருந்தா சிங்கிள் ஷாட் (நொடியில் முடியற) டி2 மட்டும் எடுத்து அனுப்பலாமா?

நியூரோ_ரேடியோ

வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் உள்ள நீர் அறை) அளவு மட்டும் கேட்டிருந்தால் போதும், ஒரு நிமிடத்துக்குள் மொத்தத் தலையும் வந்துவிடும். வலிப்புக்குப் போதாது; கார்டெக்ஸின் (மூளை மேலடுக்கு) மெல்லிய குறைபாடு அதில் மங்கிவிடும். ப்ரொப்பெல்லர் அல்லது பிளேடு (அசைவைச் சரிசெய்யும் முறைகள்) இருந்தால் டி2-வை அதில் எடுங்கள். அதுவும் சரியில்லை என்றால், 'அசைவால் முழுமையில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதி மறுதேதி கொடுங்கள்.