போதகர் நாடாளுமன்றம் போகலாமா? டிரைனன் வரலாறு பற்றி ஓர் ஐயம்

காட்பாடி வாசகர்:
சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தபோது, சபைப் பெரியவர் ஒருவர் ராபர்ட் டிரைனன் என்ற அமெரிக்கக் கத்தோலிக்கக் குருவை, இயேசு சபைத் துறவியைப் பற்றிச் சொன்னார். போப்பாண்டவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவர் நாடாளுமன்றப் பதவியைத் துறந்தார் என்றதும், போதகர் அரசியல் பதவி வகிக்கலாமா என்று அங்கேயே வாக்குவாதம் மூண்டுவிட்டது. விவரம் அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:
ஐயா, டிரைனன் 1920-இல் பாஸ்டனில் பிறந்தவர்; 1956 முதல் 1970 வரை பாஸ்டன் கல்லூரியின் சட்டப் பள்ளிக்குத் தலைவராக இருந்தவர். வியட்நாம் போரை எதிர்த்தே 1970-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலில் நின்று வென்றார். கறுப்பு உடையும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாகவே அவைக்கு வருவார். எனக்கு அவரிடம் பிடித்தது 1973 ஜூலை 31-ஆம் நாள் செய்த காரியம். எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஒட்டுக்கேட்கப் புகுந்த வாட்டர்கேட் ஊழல் ஒன்றையே நாடு பேசிக்கொண்டிருந்தபோது, கம்போடியாவின் மீது மக்களுக்குத் தெரியாமல் குண்டு வீசியதற்காக அதிபர் நிக்சனைப் பதவிநீக்க வேண்டும் என்ற முதல் தீர்மானத்தை அவர்தான் கொண்டுவந்தார். மறு ஆண்டு அவையின் நீதிக் குழு அந்தக் குற்றச்சாட்டை 26-க்கு 12 என்ற வாக்கில் தள்ளிவிட்டது. ஒட்டுக்கேட்டதைவிட ஊரை எரித்தது சிறிய குற்றமா என்று இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

நம் நாட்டுச் சட்டத்தில் குருப்பட்டம் தகுதிக்குறைவு ஆகாது. ஆனால் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி, மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பது முறைகேடு. சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்ற ஜெரோம் டிசோசாவும் இயேசு சபைக் குருதான். லயோலா கல்லூரி முதல்வராக இருந்தவர்.

ஆற்காட்டுக்காரர்:
பெரியவர் சொன்னதில் ஒரு திருத்தம். டிரைனன் இடையில் விலகவில்லை. குருக்கள் தேர்தல் பதவி வகிக்கலாகாது என்று 1980-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் பணித்ததால், அவர் மறுபடி போட்டியிடாமல் ஐந்தாம் பதவிக்காலத்தை 1981 சனவரியில் முடித்துக்கொண்டார். கருக்கலைப்புக்கு அரசு நிதி வழங்கலாம் என்று வாக்களித்ததால் ஏற்கெனவே திருச்சபைக்குள் அவர்மீது கடுங்கோபம் இருந்தது. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தின் 285-ஆம் விதி அந்தத் தடையை எழுத்தில் வைத்தது. அவரோ ஜார்ஜ்டவுனில் சட்டம் கற்பித்து, குருவாகவே 2007-இல் மறைந்தார். இவையெல்லாம் கத்தோலிக்கக் குருக்களுக்கான விதிகள். உங்கள் சபை சீர்திருத்தச் சபையான தென்னிந்தியத் திருச்சபை என்றால் அதன் பேராயத்தின் (மறைமாவட்டத்தின்) விதிகளைத்தான் பார்க்க வேண்டும்.

காட்பாடி வாசகர்:
நன்றி ஐயா. நாங்கள் தென்னிந்தியத் திருச்சபைதான். இத்தனை நேரம் பிறர் வீட்டு விதியை வைத்துக்கொண்டு சண்டையிட்டிருக்கிறோம். வரும் ஞாயிறு பேராய விதிப்புத்தகத்தோடு மரத்தடிக்கு வரும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன்.