கோஸ்ஃபோர்டில் டிஎஸ்ஆர்-2 தவிர எதைத் தவறவிடக் கூடாது?

வானதி_டெல்ஃபோர்ட்:
விடுமுறைக்கு மகளைக் கூட்டிக்கிட்டு கோஸ்ஃபோர்ட்ல இருக்கற ஆர்ஏஎஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) அருங்காட்சியகம் போறேன். பன்னிரண்டு வயசு, விமானம்னா உயிரை விடுவா. சோதனையோட நின்னுபோய் உற்பத்திக்கே போகாத பிரிட்டிஷ் போர் விமானங்கள் அங்கே நிறைய இருக்குன்னு கேள்விப்பட்டேன். அதுல ஒண்ணான டிஎஸ்ஆர்-2 குண்டுவீச்சு விமானம் பத்தி அவளே படிச்சு வெச்சிருக்கா. வேற எதைப் பார்க்கணும், எந்த இடத்தை உத்துப் பார்க்கணும்? "நல்லாப் பறந்துச்சுன்னா ஏன் நிறுத்தினாங்க?"ன்னு கண்டிப்பா கேட்பா. அதுக்கும் பதில் சொல்லுங்க.

மிட்லண்ட்ஸ்_ரவி:
கோஸ்ஃபோர்ட் ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போயிடலாம். நுழைவு இலவசம், காருக்குத்தான் காசு.

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்:
வானதிம்மா, நேரா சாண்டர்ஸ்-ரோ கம்பெனியோட எஸ்ஆர்.53 போர் விமானத்துக்கிட்ட கூட்டிட்டுப் போங்க. டிஎஸ்ஆர்-2 மாதிரி மலைச்சு நிக்க வைக்கிற உருவம் இல்லை. சின்னது. நிறைய பேர் பாதி நின்னு பாதி நடந்தபடியே கடந்துடறாங்க. காலமெல்லாம் ஜெட் எஞ்சினைப் பிரிச்சு மாட்டின எனக்கு அது பொறுக்கலை.

வால் பக்கம் போய் நில்லுங்க. ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு குழாய் வாய் தெரியும். மேல இருக்கறது வைப்பர் ஜெட். கீழ இருக்கறது ஸ்பெக்டர் ராக்கெட். இந்த விமானத்தோட கதை மொத்தமும் அந்த ரெண்டு வாய்லதான் இருக்கு.

1950கள்ல சோவியத் குண்டுவீச்சு விமானம் வருதுன்னு தெரிஞ்சா, கையில சில நிமிஷம்தான். அதுக்குள்ள அறுபதாயிரம் அடிக்கு ஏறியாகணும். அந்த உயரத்துல போதிய காத்து இல்லாம ஜெட் திணறும். ராக்கெட்டுக்கு அந்தக் கவலை இல்லை, ஆக்ஸிஜனைத் தன்னோடவே கொண்டுபோகுது. ஜெர்மனியோட மெஸ்ஸர்ஷ்மிட் 163 போர் விமானமும் ராக்கெட்லதான் பறந்துச்சு. ஆனா எரிபொருள் தீர்ந்ததும் அது வெறும் கிளைடர். இறங்கும்போது எதிரி சுலபமா சுட்டுடுவான். அதனால எஸ்ஆர்.53-ல ஏறி அடிக்க ராக்கெட், பத்திரமா வீடு திரும்ப ஒரு சின்ன ஜெட்னு வெச்சாங்க. எவ்வளவு தெளிவான யோசனை!

அந்த ராக்கெட் குடிச்சது அடர் ஹைட்ரஜன் பெராக்சைடு. வெள்ளி பூசின வலை வழியாப் போனதும் அது கொதிக்கிற நீராவியாவும் ஆக்ஸிஜனாவும் பிரியும். அந்தச் சூட்டுல மண்ணெண்ணெயைத் தெளிச்சா தானாப் பத்திக்கும், தீப்பொறி தேவையில்லை. நாங்க ஷெட்ல எண்ணெய் சிந்தினா பழந்துணியால துடைச்சுட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இந்தத் திரவம் பழந்துணியில பட்டா அந்தத் துணியே தீப்பிடிச்சுடும். அதைக் கையாண்ட தரைப் பணியாளர்களை நினைச்சாலே எனக்குக் கை கூப்பத் தோணும்.

இனி "ஏன் நிறுத்தினாங்க". 1957 ஏப்ரல்ல பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸ் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். எதிர்காலம் ஏவுகணைக்குத்தான், ஆள் ஓட்டுற புதுப் போர் விமானத் திட்டங்களைக் கைவிடலாம்னு அதுல முடிவு. ஏற்கெனவே வேலை வெகுதூரம் போயிருந்ததால லைட்னிங் போர் விமானம் மட்டும் தப்பிச்சது. எஸ்ஆர்.53 முதன்முதலா பறந்தது 1957 மே 16. தலையெழுத்தை எழுதி முடிச்சப்புறம் பறந்த விமானம் அது.

ஓட்டினவர் ஜான் பூத். அங்கே நிக்கற, எக்ஸ்டி145-ங்கற எண் போட்ட விமானம்தான் அன்னைக்கு அவர் ஓட்டினது. ரெண்டாவதா கட்டின விமானம் 1958 ஜூன்ல பாஸ்கோம்ப் டௌன் சோதனை விமானதளத்துல மேலெழும்ப முடியாம ஓடுபாதையைத் தாண்டி ஓடி, விளக்குக் கம்பத்துல மோதி எரிஞ்சது. பூத் அதுலயே இறந்துட்டார். அவர் பேரை உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க.

சிவா_ஈஸ்ட்ஹாம்:
ஐயா, நிறுத்தினது சரிதானே? எஸ்ஆர்.53-ல ரேடாரே கிடையாது. தரையிலிருந்து வழி சொன்னாத்தான் எதிரியை நெருங்க முடியும். மேகத்துல, இருட்டுல என்ன பண்றது?

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்:
நியாயமான கேள்வி, சிவா. அந்தக் குறை அதைக் கட்டினவங்களுக்கும் தெரியும். அதுக்காகத்தான் பெரிய மூக்குல ரேடார், வைப்பருக்குப் பதிலா ஜைரன் ஜூனியர் ஜெட் எஞ்சின்னு எஸ்ஆர்.177-ஐ வரைஞ்சாங்க. எஸ்ஆர்.53 அதுக்கு முன்னோட்டம். மேற்கு ஜெர்மனியே 177-ல ஆர்வம் காட்டுச்சு. ஆனா பிரிட்டன் கைவிட்டதும் அவங்க அமெரிக்க ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் பக்கம் போயிட்டாங்க. 177 ஒண்ணுகூடப் பறக்கலை. முன்னோட்டத்துல இருந்த குறையைக் காட்டி 177-ஐ நிறுத்தினது சரின்னு என்னால ஏத்துக்க முடியாது.

எல்லாத்துக்கும் ஒரே காரணம் இல்லைங்கறதையும் பொண்ணுக்குச் சொல்லணும். அங்கேயே பிரிஸ்டல் 188 நிக்குது. துருப்பிடிக்காத எஃகுல செஞ்சது. ஒலியைப் போல ரெண்டு மடங்குக்கும் மேலான வேகத்துல விமானத்தோட உடல் எப்படிச் சூடாகுதுன்னு ஆராயக் கட்டினாங்க. எரிபொருளை அப்படிக் குடிச்சது, ரெண்டு மடங்கைக்கூடத் தொடலை. அதை நிறுத்தினதுக்கு நான் வருத்தப்பட மாட்டேன். ஃபேரி டெல்டா 2-ல மூக்கைப் பாருங்க, இறங்கும்போது பைலட்டுக்கு ஓடுபாதை தெரியணும்னு கீழே சாயும். கான்கார்டுல பார்த்த அதே ஏற்பாடு. 1956-ல இதே ரகத்துல கட்டின இன்னொரு விமானத்துலதான் பீட்டர் ட்விஸ் மணிக்கு 1,132 மைல் போய் உலக சாதனை பண்ணினார்.

மிட்லண்ட்ஸ்_ரவி:
இஏபி-ங்கற சோதனை விமானத்தையும் சேர்த்துக்கோங்க. ஒண்ணே ஒண்ணுதான் கட்டினாங்க, 1986-ல முதல்ல பறந்துச்சு. டைஃபூன் போர் விமானத்துக்கு வழி போட்டது அதுதான்.

வானதி_டெல்ஃபோர்ட்:
ஐயா, ரொம்ப நன்றி. எல்லாத்தையும் அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். உடனே ஒரு கேள்வி: கோஸ்ஃபோர்ட்ல இருக்கற டிஎஸ்ஆர்-2 எத்தனை தடவை பறந்துச்சாம்?

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்:
ஒரு தடவைகூட இல்லைம்மா. டிஎஸ்ஆர்-2-கள்ல பறந்தது எக்ஸ்ஆர்219-ங்கற எண் போட்ட விமானம் மட்டும்தான், மொத்தம் 24 தடவை. அதைக் கடைசியில ஷூபரினெஸ் சுடுதளத்துல சுட்டுச் சோதிக்க இலக்காக்கிட்டாங்க. கோஸ்ஃபோர்ட்ல இருக்கறது எக்ஸ்ஆர்220. 1964 செப்டம்பர்ல பாஸ்கோம்ப் டௌனுக்கு லாரியில வந்தப்போ டிரெய்லர் மடங்கிக் கவிழ்ந்து அடிபட்டது. பழுது பார்த்து, சோதிச்சு, 1965 ஏப்ரல் 6 அன்னைக்கு முதல் தடவையா பறக்கத் தயாரா இருந்தது. அன்னைக்குத்தான் நிதியமைச்சர் காலகன் பட்ஜெட் உரையில திட்டம் ரத்துன்னு அறிவிச்சார்.

அதுல சக்கரத்தைப் பார்க்கச் சொல்லுங்க. பின்கால் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு டயர், பக்கத்துல பக்கத்துல இல்லாம முன்னும் பின்னுமா இருக்கும். கரடுமுரடான தரையிலயும் இறங்கணும்னு செஞ்சது. சோதனையில ரொம்பப் படுத்தினதும் அந்தக் கால்கள்தான். எக்ஸ்ஆர்219-ல சக்கரத்தை ஒழுங்கா உள்ளே மடக்கவே பத்தாவது பறப்பு வரைக்கும் ஆச்சு.